ஆபா நம்பர் இருக்கு, ரிப்போர்ட் எங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

2021 செப்டம்பர்ல ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் ஆரம்பிச்சாங்க, ஆளுக்கு 14 இலக்க ஆபா (ABHA) நம்பர், அதாவது நம்ம மருத்துவ விவரத்துக்கான டிஜிட்டல் கணக்கு எண், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நம்ம சம்மதத்தோட டாக்டர் பழைய ரிப்போர்ட்ட பாத்துக்கலாம்னு. நல்ல திட்டம்தான், இல்லங்கல. ஆனா எங்க பக்கம் க்யூஆர் ஸ்கேன் பண்ணா ஓபி டோக்கன் வருது, அதோட சரி. உள்ள டாக்டர் பேப்பர்லதான் எழுதறார், லேப்ல ரிசல்ட்ட துண்டு சீட்டுல எழுதிக் குடுக்கறாங்க, அது எப்படிங்க போன்ல இருக்கற ஆபா ஆப்ல வரும்? எங்கம்மா காலி மாத்திரை அட்டைய நீட்டி "இதான் சாப்பிடறேன்"னு சொல்றதுதான் இன்னைக்கும் அவங்க மெடிக்கல் ரெக்கார்டு. டாக்டரையும் திட்ட முடியாது, வாசல் வரைக்கும் கூட்டம் நிக்கும்போது அவர் நோயாளிய பாப்பாரா டைப் அடிப்பாரா. டேட்டா என்ட்ரிக்கு தனியா ஆள் போடுங்க, ஸ்மார்ட்போன் இல்லாத பெருசுங்களுக்கு கவுன்டர்லயே பிரின்ட் குடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேனி மாவட்டம்