வாய்க்குள் வார்த்தது என்ன உலோகம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்லுக்கு உலோக மூடி போடும் காலம் மலையேறிவிட்டது, இனி எல்லாம் சிர்க்கோனியா என்ற வெண்பீங்கான் வகைதான் என்று அண்மையில் உங்கள் பத்திரிகைக்கு எழுதிய வாசகர் ஒருமுறை மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ போய்ப் பார்க்கட்டும். கடைவாயில் உலோக மூடியுடன் சோறு மெல்லுகிறவர்கள் எத்தனையோ பேர். திருகோணமலையில் பல் வார்ப்பு வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: தங்கள் வாயில் இருப்பது என்ன உலோகம் என்று அவர்களில் எவருக்காவது தெரியுமா? "வெள்ளி" என்பார்கள். அதில் வெள்ளி மருந்துக்கும் கிடையாது. மலிவாக வார்க்கப்படுவது பெரும்பாலும் நிக்கல்-குரோமியம் கலப்புலோகம்.

நிக்கல் என்றாலே நஞ்சு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள் நம் வீடுகளில் குறைவா? அதற்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். அப்படிப்பட்ட ஓர் ஆசிரியைக்கு மூடி போட்ட பல்லைச் சுற்றி முரசு சிவந்தபடியே இருந்தது. என்ன உலோகம் என்று வைத்தியர் கேட்டார். பற்றுச்சீட்டில் "கிரவுண் - 1" என்பதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை. வார்த்துக் கொடுத்த ஆய்வுகூடத்தாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். மெழுகில் கருவைச் செதுக்கி, சிலிக்கா கலந்த அச்சுக் குழம்பில் புதைத்து, உலையில் மெழுகை எரித்துவிட்டு, அந்த வெற்றிடத்துக்குள் உருகிய உலோகத்தைச் சுழல் இயந்திரத்தால் செலுத்துகிறோம். 1950இல் இங்கே கிணறு தோண்டும்போது கிடைத்த கோணேசர் கோயில் விக்கிரகங்களும் மெழுகுக் கருவில் பிறந்தவைதான். இம்முறை பல் வேலையில் பரவ வழிசெய்தவர் டகார்ட் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், ஆண்டு 1907. விக்கிரகத்தில் மயிரிழை கூடிக் குறைந்தால் யாரும் கேட்கப்போவதில்லை, பல்லில் நாக்கே காட்டிக் கொடுத்துவிடும். பொன் கலப்பு ஆறும்போது ஏறத்தாழ 1.5 சதவீதம் சுருங்கும். நிக்கல்-குரோமியம் 2 சதவீதத்துக்கும் மேல். அந்தச் சுருக்கத்துக்கு ஈடாக அச்சு விரிந்துகொடுக்க வேண்டும். பொன்னுக்கு ஜிப்சம் கலந்த குழம்பு போதும். 700 பாகை செல்சியசைத் தாண்டினால் அது சிதைந்து கந்தக வாயுவை விடும். நிக்கல் கலப்பை உருக்க 1,200 பாகைக்கு மேல் வேண்டும் என்பதால் அதற்குப் பொஸ்பேட் குழம்பு.

இவ்வளவு கணக்குப் பார்த்து வார்த்த பிறகு, வார்ப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மிச்சக் கட்டியை வெட்டி ஒரு போத்தலில் போடுவார்கள். வெவ்வேறு கலப்புலோகப் பெட்டிகளின் கட்டிகளும் அதே போத்தலில்தான். மறுபடி உருக்கும்போது ஒரே வகைக் கட்டியுடன் பாதியாவது புது உலோகம் சேர்க்க வேண்டும் என்பது தொழில் விதி. மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர் போத்தலை அப்படியே கவிழ்க்கிறார். பிறகு அது என்ன உலோகம் என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

சில மலிவுக் கலப்புகளில் பெரிலியம் என்ற உலோகமும் உண்டு. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். முகக்கவசம்கூட இல்லாமல் மூடியைத் தேய்த்து மினுக்கும் பையன்தான் அதைச் சுவாசிக்கிறான். அவனைப் பற்றி எந்த வாசகரும் எழுதுவதில்லை.

சிர்க்கோனியா நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. அதற்கு மூலமான சிர்க்கோன் என்ற கனிமம் நம் மாவட்டத்துப் புல்மோட்டை மணலிலேயே கிடைக்கிறது. ஆனாலும் பல் மூடி கடைந்தெடுக்கும் சிர்க்கோனியா வில்லை கடல் கடந்துதான் வருகிறது, விலையும் அதற்கேற்ப.

நான் கேட்பது செலவில்லாத காரியம். 0.1 சதவீதத்துக்கு மேல் நிக்கல் இருந்தால் அதன் அளவைப் பொதியிலேயே குறிக்க வேண்டும் என்கிறது பல் உலோகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 22674. பெட்டியில் இருப்பதைப் பார்த்துப் பற்றுச்சீட்டில் எழுத எவ்வளவு நேரமாகும்? கலப்புலோகத்தின் பெயர், நிக்கலும் பெரிலியமும் உண்டா இல்லையா, பெட்டியின் தொகுதி இலக்கம், இவ்வளவுதான். மாகாண சுகாதாரத் திணைக்களம் இதற்கொரு சுற்றுநிருபம் அனுப்பலாம். அது வரும்வரை, மூடி போடப் போகிறவர்கள் முற்பணம் கொடுக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற பல் தொழில்நுட்பவியலாளர்,
உவர்மலை, திருகோணமலை.