உமது பேத்தியின் கேள்விக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன என்று எழுதியிருந்தீர்; மகிழ்ச்சி. கையெழுத்து மட்டும் பேராதனைக் காலத்தில் இருந்ததுபோலவே எறும்பு ஊர்ந்த தடமாக இருக்கிறது. இங்கே கச்சான் காற்று ஓய்ந்தபாடில்லை. முற்றத்து வேம்பு சருகைக் கொட்டுகிறது, நான் கூட்டுகிறேன், மறுபடியும் கொட்டுகிறது. ஓய்வூதியக்காரனுக்கு இதைவிட ஒழுங்கான உத்தியோகம் கிடையாது.

பேத்தி உயர்தரம் முடித்துவிட்டு உளவியல் படிக்க விரும்புகிறாள் என்றும், 31 ஆண்டுகள் அந்தப் பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில் அதில் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தீர். அடுத்தவர் மனதில் உள்ளதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடும் வித்தை அது என்று அவள் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை இப்போதே கலைத்துவிடும். சந்தையில் என்னைக் கண்டு, "நான் இப்ப என்ன நினைக்கிறன், சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். "மீன் விலை கூடிப்போச்சு என்று" என்பேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நான் விரிவுரையாளனாகச் சேர்ந்த காலத்தில் கற்பித்தல் என்றால் குறிப்புச் சொல்லி எழுதுவித்தல் என்பதே வழக்கம். விலங்குகளை வைத்துக் கற்றலை ஆராய்ந்த அறிஞர்களான தோர்ண்டைக்கின் பூனை, பவ்லோவின் நாய், கோலரின் வாலில்லாக் குரங்கு, ஸ்கின்னரின் எலி என்று ஒரு மிருகக்காட்சிச்சாலையையே கரும்பலகையில் அடைத்து வைத்தேன். ஆசிரியர்களாகப் போகிற இளைஞர்கள் தூண்டி, துலங்கல் (தூண்டிக்கு உயிர் காட்டும் எதிர்வினை), மீளவலியுறுத்தல் (ஒரு நடத்தையை மறுபடியும் நிகழச் செய்யும் பலன்) என்ற சொற்களைப் பிழையின்றி எழுதிச் சித்தியடைந்தார்கள். அவர்களில் ஒருவராவது ஓர் உயிரின் நடத்தையை அரை மணிநேரம் தொடர்ந்து உற்றுப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை என்பதை இப்போது உமக்கு ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அதை மாற்றியது ஸ்கின்னரே தம்மைப்பற்றி 1956இல் எழுதிய ஒரு சிறு செய்தி. ஆய்வு எலிகளுக்கான உணவுக் குளிகைகளை அவர் தாமே உருட்டிச் செய்துவந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகல் கையிருப்பைக் கணக்கிட்டபோது, எலி கூண்டிலுள்ள நெம்பை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு குளிகை கொடுத்தால் திங்கட்கிழமை காலையில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கண்டார். ஆகவே, எத்தனை முறை அழுத்தினாலும் நிமிடத்துக்கு ஒன்று என்று மட்டுப்படுத்தினார். எலிகள் அழுத்துவதை விடவில்லை; சீரான வேகத்தில் தொடர்ந்தன. எப்போதாவது கிடைக்கும் பலன் நடத்தையை எவ்வளவு உறுதியாகப் பிடித்துவைக்கிறது என்ற ஆராய்ச்சி அந்தத் தட்டுப்பாட்டிலிருந்து தொடங்கி, சக ஆய்வாளர் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து அவர் 1957இல் வெளியிட்ட பெருநூல்வரை வளர்ந்தது. கூப்பன் கடை வரிசையில் வளர்ந்த நமக்கு இந்தக் கதை புரியாமல் இருக்குமா? ஆய்வுகூடம் இல்லை என்று அதுவரை நான் சொல்லிவந்த சாக்கு அன்றோடு போயிற்று.

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் உமக்கு நினைவிருக்கும். யாத்திரிகர்களில் சிலர் பழத்தோலை நீட்டுவார்கள், பலர் வெறுங்கையோடு கடந்து போவார்கள். ஸ்கின்னரின் நிமிடக் கணக்கு இல்லாவிட்டாலும் பலன் எப்போதாவது கிடைப்பது என்னவோ அங்கேயும் அப்படித்தான். மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரே மானை இருவரும் ஒருவர் கொப்பியை மற்றவர் பாராமல் அரை மணிநேரம் அவதானித்து, அது மனிதரை நாடி வந்த தடவைகளை எண்ணும்படி அனுப்பினேன். முதல் நாள் எந்தச் சோடியின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. ஒருவன் மான் தலையைத் திருப்பியதையே நாடி வருதல் என்று எண்ணியிருந்தான். அவனுடைய தோழியோ கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததை மட்டும் எண்ணியிருந்தாள். நாடி வருதல் என்றால் எத்தனை அடி, எத்தனை வினாடி என்று இரண்டு வாரங்கள் வாதாடினார்கள். படிக்க வந்தோமா, மான் எண்ண வந்தோமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. என் தொழில் வாழ்வில் நான் நடத்திய மிகச் சிறந்த பாடம் அந்த வாதம்தான் என்று இன்று சொல்வேன். எண்ணிக்கைகள் ஒத்துவரத் தொடங்கிய பிறகே மற்றதெல்லாம் தெரியவந்தது: மான்கள் மனிதரைவிடப் பொலித்தீன் பையின் சரசரப்பையே நாடி வந்தன, பைக்குள் ஒன்றுமே இல்லாதபோதும். உணவு வராதபோதும் நாயின் வாயில் எச்சில் ஊறவைத்த பவ்லோவின் மணியோசை எங்கள் ஊரில் இப்படிக் கேட்கிறது. அந்தப் பையையும் சேர்த்து அவை தின்றுவிடுவது வேறொரு துயரம்.

மானைப் பார்க்கப் பழகியவனுக்குத் தன்னைப் பார்க்க மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து, கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகச் சராசரியாக ஏறத்தாழ ஒரு வினாடியே பொறுக்கிறார் என்றும், அதை மூன்று வினாடிகளாக்கினால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறவாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் காட்டியிருந்தார். இதையும் நான் குறிப்பாகச் சொல்லி எழுதுவித்திருந்தேன். ஒருநாள் ஏதோ தோன்றி என் வகுப்பையே கசற்றில் பதிந்து வீட்டில் போட்டுக் கேட்டேன். நண்பரே, கேள்வி முடிவதற்குள் நானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வினாடிகூட இல்லை. மனைவி அடுக்களையிலிருந்து, "யாரோடு சண்டை பிடிக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

அதன்பின் மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். மூன்று வினாடி மௌனம் எவ்வளவு நீளமானது என்பது வகுப்பின் முன் நின்றவனுக்குத்தான் தெரியும். மூதூரிலிருந்து லோஞ்சில் வந்துபோன ஒரு மாணவி, இரண்டு தவணைகளாக ஒரு சொல்லும் பேசாதவள், அப்படியொரு மௌனத்தில் எழுந்தாள். அடிக்க அடிக்க ஒரு பிள்ளை ஏன் மேலும் பிந்தி வருகிறான் என்பது அன்றைய கேள்வி. அடி வாங்கும் நேரத்தில் மட்டுமே அந்த வகுப்பில் அவனை எல்லாரும் பார்க்கிறார்கள், அதனால் இருக்கலாம் என்றாள். கவனிப்பே ஒரு மீளவலியுறுத்தல் என்பதை நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருந்தும், அதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டதுபோல் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26இன் கடல்கோளுக்குப் பிறகு, நிலாவெளிப் பக்கத்து முகாம்களில் மனப்பாதிப்பை அளக்கும் வெளிநாட்டு வினாக்கொத்துகளை மொழிபெயர்த்துக் கேட்கும் பணிக்கு என்னையும் அழைத்தார்கள். நடந்ததை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா என்பது ஒரு வினா. ஒரு மீனவரின் மனைவி என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கடலைத் தவிர்த்துப்போட்டு எங்கே போறது, தம்பி?" என்றார். தரப்பட்ட பெட்டிகளில் எதற்குள்ளும் அந்தப் பதில் அடங்கவில்லை. நான் ஒன்றில் அடையாளமிட்டேன். எதில் என்பதை எழுத மனமில்லை. ஜெஃப்ரி ஆர்னெட் 2008இல் ஆறு முன்னணி உளவியல் ஆய்விதழ்களைப் பரிசீலித்து, அவற்றில் ஆராயப்பட்டவர்களில் 96 சதவீதம் மேற்கத்தைய கைத்தொழில் நாட்டவர்கள் என்று காட்டியபோது, எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பெண்மணியின் முகம். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தனியாளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே மனவடுவை நோக்க வேண்டும் என்று எழுதியிருப்பவற்றைப் பேத்தி கட்டாயம் தேடி வாசிக்கட்டும்.

மற்றபடி, புள்ளிவிபரவியலுக்குப் பயந்தால் இந்தப் பாடம் வேண்டாம் என்று சொல்லும். ஆங்கிலத்தில் வாசிக்காமலும் முடியாது. வேலைவாய்ப்பைப்பற்றி நான் சொல்வதைவிட அவளுடைய தகப்பனார் நன்றாகக் கவலைப்படுவார்.

ஓகஸ்ட் விடுமுறையில் இருவரும் இங்கே வந்து சில நாட்கள் நில்லும். மாலை நான்கு மணிக்கு மான்கள் கோட்டை வாசலடிக்கு வந்துவிடும். அவள் ஒரு கொப்பியும் நீர் ஒரு கொப்பியுமாக எண்ணிப் பாரும், நான் நடுவராக இருக்கிறேன். அந்தக் கசற் இன்னும் அலுமாரியில் இருக்கிறது, ஆனால் போட்டுக் கேட்கக் கருவியில்லை. உமது பழைய ரேடியோ இன்னும் கசற் வாசிக்குமானால் மறவாமல் எடுத்துவாரும்.

அன்புடன்,
உமது பழைய அறைத்தோழன்.