கோரமுகத்துக்கும் கொடிக்கும் வித்தியாசம் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கொடிகளும் கற்பனை உருவங்களும் பின்னி வரும் ஐரோப்பிய 'குரோட்டெஸ்க்' அலங்காரம் பற்றிய கட்டுரைக்குப் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் கொம்பு முளைத்த சிலையைப் படமாகப் போட்டிருந்தீர்கள். அது 19ஆம் நூற்றாண்டுப் புதுப்பிப்பின்போது கட்டடக் கலைஞர் வியோலெ-லெ-டுக் வைத்த உருவம். அதற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் வழங்குகிறது, சரி. ஆனால் கட்டுரையில் வரும், இத்தாலிய ஓவியர் ரஃபேல் கால அலங்காரம் வேறு வகை. 'பார்ப்பவரைப் பயமுறுத்தவே வரைந்தார்கள்' என்ற வரியும் இந்தக் குழப்பத்தில்தான் வந்திருக்க வேண்டும்.

கி.பி. 64இல் ரோம் தீப்பற்றி எரிந்த பிறகு நீரோ கட்டிய பொன்மாளிகை, பின்னாளில் மண்மூடிப் போனது. 1480 வாக்கில் அதன் கூரையைத் துளைத்து ஓவியர்கள் கயிறு பிடித்து இறங்கினார்கள். அறைகளில் மண் நிரம்பிக் கிடந்ததால் இந்த அலங்காரத்துக்கு மூலமான விதானத்து ஓவியங்களைக் கிட்டத்தில் பார்க்க முடிந்தது. பின்னாளில் அப்படி இறங்கிய ஜொவான்னி தா உதினே அங்கே தன் பெயரையும் கீறி வைத்துவிட்டு வந்தார். அந்தப் பழக்கம் எந்த ஊரில்தான் இல்லை!

அவரும் ரஃபேலின் மற்றச் சீடர்களும் 1519இல் முடித்த வத்திக்கான் லோஜியாவின் (திறந்த நடைக்கூடத்தின்) அரைத்தூண்களைப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய தண்டுகள், கொடிகள், அவற்றில் அணில்களும் பறவைகளும். இடுப்புக்குக் கீழே இலையாகிப்போன மனிதர்கள். சுண்ணாம்பில் வெள்ளைச் சலவைக்கல் பொடி கலந்த பழைய ரோமானியச் சுதையையும் உதினே மீட்டெடுத்தார். அந்தச் சுதையிலேயே ஒரு சிறு புடைப்புச் சிற்பத்தில், பட்டறை ஆட்கள் வேலை செய்யும் காட்சியும் இருக்கிறது. கட்டுரையாளர் இதை எப்படி விட்டார் என்று தெரியவில்லை.

தூணுக்குப் பதில் வரைந்த நாணல் எப்படிக் கூரையைத் தாங்கும் என்று நீரோவுக்கு முன்பே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இந்த பாணியைத் திட்டினார். எனக்கென்னவோ அந்த எடையின்மையில்தான் இதன் சுகமே இருக்கிறது. பயமுறுத்தும் நோக்கம் இருந்தால் 1516இல் கார்டினல் பிபியேனா தன் குளியலறைக்கு இதைப் போய் வரையச் சொல்வாரா? இத்தாலியின் உர்பினோ நகரில் தட்டுகளில்கூட வரைந்தார்கள்.

அடுத்த இதழில் ஓர் அரைத்தூண் படமாவது போடுங்கள். தயவுசெய்து வண்ணத்தில்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி