ஆறு நிறத் தக்காளிக்காரனுக்கு

கொடைக்கானல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து இரண்டு மாசமாச்சு. திட்டாதே. போன தடவை நீ எடுத்துக்கொண்டது ஆறு மாசம்.

“ஆறு நிறத்தில் தக்காளி வைத்திருக்கிறேன், பின்பருவக் கருகல் நோயில் ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும்” என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். நிற்காதுடா. அவை ஆறு சட்டை மாற்றின ஒரே ஆள். மஞ்சள் என்றால் சிவப்பு நிறமி தயாரிப்பின் ஆரம்பத்திலேயே ஒரு மரபணு பழுது. ரோஸ் என்றால் தோலில் மஞ்சள் இல்லை, அவ்வளவுதான். நீ கொஞ்சுகிற கறுப்பு, பழுக்கும்போது பச்சையம் சிதையாமல் தங்கிவிட்டது. கருகலுக்கு இந்தச் சட்டையெல்லாம் தெரியாது.

தென் அமெரிக்க ஆண்டிஸ் மலையிலிருந்து மெக்சிகோ, அங்கிருந்து ஸ்பெயின்காரன் கப்பல், பிறகு நம் ஊர்: ஒவ்வொரு இடத்திலும் கைப்பிடி விதைதான் தாண்டியது. போதாக்குறைக்குத் தன் மகரந்தத்திலேயே காய்க்கிற செடி. தக்காளியும் அதன் காட்டு உறவுகளும் சேர்ந்த மொத்த மரபு வேறுபாட்டில் நாம் பயிரிடுவதில் இருப்பது 100க்கு 5 பங்குக்கும் குறைவு என்று 1990இல் கணக்குப் போட்டார்கள். மிச்சமெல்லாம் பெரு, ஈக்வடார், சிலி பக்கத்துக் காட்டு உறவுகளிடம். இலைச்சுருள் நோயைத் தாங்கும் டிஒய்-1 என்ற மரபணுவைச் சிலிக் காட்டுத் தக்காளி தந்தது. பின்பருவக் கருகலைத் தாங்கும் பிஎச்-3 மரபணுவை, பட்டாணி அளவே காய்க்கிற பிம்பினெல்லிஃபோலியம் என்ற காட்டுத் தக்காளி தந்தது.

அதற்காக வெளிநாட்டிலிருந்து காட்டு விதை தருவிக்கிற உன் திட்டத்தை விட்டுவிடு. நேராகக் கலந்தால் காய் சின்னதாகத்தான் வரும். பெரிதாக்கப் பல தலைமுறை திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும். பெங்களூர் ஹெசரகட்டா தோட்டக்கலை நிலையத்தின் அர்கா அபேத் கலப்பினத்தில் பிஎச்-2, பிஎச்-3 என்ற இரண்டு எதிர்ப்பு மரபணுவும் உண்டு. அதன் மகரந்தத்தை உன் கறுப்பில் போடு.

நாளை விரியப்போகிற, இதழ் வெளிர்மஞ்சளான மொட்டாகப் பார். இடுக்கியால் மகரந்தக் கூம்பை முழுசாக உருவு. ஒரு துணுக்கு தங்கினாலும் தன் மகரந்தம் முந்திக்கொள்ளும். முற்றின மொட்டைத் தொடாதே, உள்ளே வேலை முடிந்திருக்கும். அபேத்தின் விரிந்த பூவைக் கண்ணாடித் துண்டின் மேல் தட்டி, உதிரும் தூளைச் சூல்முடியில் ஒற்று. இரண்டு புல்லி இதழை நறுக்கிவிட்டால் அதுவே அடையாளம், சீட்டு மழையில் போனாலும் பரவாயில்லை.

முதல் தலைமுறையில் எல்லாம் சிவப்பாகக் காய்க்கும். உடனே எனக்குப் போன் போடாதே! கறுப்பு ஒடுங்கு குணம், முதலில் மறைந்துகொண்டு அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்றாகத் திரும்பும். எல்லா நாற்றுக்கும் எதிர்ப்பு போய்ச் சேரும் என்று நம்பாதே, அபேத்தே ஒரு கலப்பினம். பத்துப் பன்னிரண்டு செடியாவது வை. கருகலில் சாகாமல் நின்றதிலிருந்து விதை எடுத்து 60 நாற்று போடு. பிஎச்-3 மட்டும் வந்திருந்தால், கறுப்பும் தாங்குதலும் சேர்ந்தது 16க்கு 3, அதாவது சுமார் 11 செடி.

சோதனைக்கு ஐப்பசி மழை போதும், உருளைக்கிழங்குப் பாத்தி ஓரமாக (அதற்கும் இதே கருகல்தான்), மருந்தே அடிக்காமல். பக்கத்துக்காரர் முறைப்பார், முன்கூட்டியே சொல்லிவிடு. இலையில் வட்ட வட்டமாக வளையம் தெரிந்தால் அது முன்பருவக் கருகல், அதைப் பார்த்துச் செடியைப் பிடுங்காதே. நீர் கோத்த பழுப்புத் திட்டு, காலையில் அடியில் வெள்ளைப் பூசணம்: அதுதான் நம் ஆள். முன்பு பிஎச்-1 மரபணுவை இப்படித்தான் நம்பினார்கள், கருகலிடம் அது சீக்கிரமே தோற்றது, அதனால் ஒரே செடியின் விதையோடு நின்றுவிடாதே.

விதைச் சாற்றை இரண்டு மூன்று நாள் புளிக்க விடு, உன் குளிரில் நாலு. மறந்தால் உள்ளேயே முளைக்கும். தட்டில் காய வை, காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மரத்தக்காளியோடு கலக்குமா என்று கேட்டிருந்தாய். கலக்காது. பேர்தான் தக்காளி, உறவு ரொம்பத் தூரம். சட்னிக்கு மட்டும் வைத்துக்கொள்.

அபேத் விதை கிடைத்ததும் எழுது, இடுக்கி என்னிடம் இரண்டு இருக்கிறது.

உன்,
குறிஞ்சிப்பய