நகரத்துக்குப் பக்கத்துல கேம்ப்கிரவுண்ட் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

நகரத்துல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள வண்டியில வந்து சேர்ற தூரத்துல கேம்ப்கிரவுண்ட் நடத்துற எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். நீங்க வனத்துறையா இருக்கலாம், பூங்கா நிர்வாகமா இருக்கலாம், சொந்த நிலத்துல பத்து டென்ட்டுக்கு இடம் விட்டிருக்குறவரா இருக்கலாம். நான் பன்னெண்டு வருஷமா டென்ட் போட்டுத் தங்குறவன், முதல்ல நண்பர்களோட, அப்புறம் நாங்க ரெண்டு பேரா, இப்ப ரெண்டு பசங்களையும் கூட்டிக்கிட்டு. நாள்கணக்கா மலையேறிப் போற ஆள் இல்ல. வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு கிளம்பி ஞாயித்துக்கிழமை மதியம் வீடு திரும்புற ஆளு. உங்க இடத்துக்கு வர்றவங்கள்ல என்னை மாதிரி நிறையப் பேர் இருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான். ஒவ்வொரு சைட்டைப் பத்தியும், அதாவது ஒரு டென்ட் போடன்னு நம்பர் குடுத்து ஒதுக்கியிருக்குற ஒவ்வொரு இடத்தைப் பத்தியும், உங்களுக்குத் தெரிஞ்சதை நாங்க கிளம்புறதுக்கு முன்னாடியே எங்களுக்குச் சொல்லிடுங்க. மத்ததெல்லாம் இதுக்குள்ளயே அடங்கிடும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, போன வருஷம் ஒரு ராத்திரி நடந்தது இன்னும் மனசை விட்டுப் போகல. எந்த இடம்னு சொல்லப்போறதில்ல, அது முக்கியமும் இல்ல. ஆன்லைன்ல அந்த இடத்துக்கு மூணு போட்டோ போட்டிருந்தாங்க, மூணும் ஏரிக்கரையில சூரியன் இறங்குற போட்டோ. சைட்டுக்கு ஒரு நம்பர், அதுக்குக் கீழ எத்தனை பேர் தங்கலாம்னு ஒரு வரி, அவ்வளவுதான் விவரம். மேப்ல ஒன்றரை மணி நேரம்னு காட்டுச்சு, ஆனா அது காலி ரோட்டுக் கணக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே வெளிய கிளம்புற நேரத்துல நாங்க போய்ச் சேர மூணு மணி நேரம் ஆச்சு. இருட்டிடுச்சு. கார் லைட்டைப் போட்டுக்கிட்டு டென்ட்டை விரிச்சா முளை இறங்க மாட்டேங்குது, ரெண்டு விரல் மண்ணு, அதுக்கு அடியில கல்லு மாதிரி கெட்டிச்ச தரை. நாலு முளை வளைஞ்சுபோச்சு. கயித்தை எல்லாம் கல்லுல சுத்திக் கட்டி எப்படியோ நிக்க வச்சோம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், மழை பிடிச்சுது. கொஞ்ச நேரத்துல சின்னவ என் தோளைத் தட்டி "அப்பா, பாய் ஆடுது"ன்னா. டென்ட் தரையில கையை வச்சுப் பாத்தேன், துணிக்கு அடியில தண்ணி நகர்றது உள்ளங்கைக்குத் தெரியுது. வெளிய வந்து டார்ச் அடிச்சாதான் புரிஞ்சுது, மேல இருக்குற மண்ரோட்டுல விழுற தண்ணி மொத்தமும் நேரா எங்க சைட்டுக்குத்தான் வருது, நாங்க ஒரு கிண்ணத்துக்குள்ள படுத்திருந்திருக்கோம். மிச்ச ராத்திரி காருக்குள்ள. பசங்க ரெண்டும் உக்காந்தபடியே தூங்குச்சுங்க.

இதுல என்னை ரொம்பக் கஷ்டப்படுத்துனது மழை இல்ல, விடிஞ்சப்புறம் நடந்ததுதான். அங்க வேலை பாக்குற ஒரு பெரியவர் வந்தாரு, நனைஞ்சு கிடந்த சாமானைப் பாத்துட்டு நிஜமாவே வருத்தப்பட்டாரு. "இந்த சைட் மழைன்னா எப்பவும் இப்படித்தாங்க தம்பி, மேல பதினேழாம் நம்பர் எடுத்திருந்தா ஒரு சொட்டு வந்திருக்காதே"ன்னு சொல்லி என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனாரு. பதினேழு ஒரு சின்ன மேட்டு மேல இருந்துச்சு, தரை சமம், கிழக்குப் பக்கம் வரிசையா மரம், குழாய்க்கு முப்பது நாப்பது அடி நடந்தாப் போதும், டாய்லெட்டுக்கு வழி தெரியுது ஆனா வாடை வராது. அன்னிக்கு ராத்திரி அது காலியா இருந்துச்சு, புக் பண்ணவங்க வரவே இல்லையாம்.

அந்தப் பெரியவருக்குத் தெரிஞ்சது ஏன் எனக்குத் தெரியல? என்னோட முழுக் கேள்வியும் இதுதாங்க. உங்க ஸ்டாஃப்ல யாரைக் கேட்டாலும் எந்த சைட்ல தண்ணி தேங்கும், எங்க காத்து தூக்கும், எந்த மரத்துல காஞ்ச கிளை தொங்குதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. அந்த அறிவு முழுக்க கேட்டுக்கு உள்ளயே இருக்கு, புக்கிங் பண்ற பக்கத்துக்கு வந்து சேரவே இல்ல.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க, சைட்டு ஒண்ணும் இடம் மாறுற பொருள் இல்ல. ஒரு காலத்துல கார்ல வந்தவங்க மரத்தடி வரைக்கும் ஓட்டிட்டுப் போய் கண்ட இடத்துல கூடாரம் போட்டிருக்காங்க. டயரும் காலும் அழுத்தி அழுத்தி மண்ணு இறுகி, வேருக்குத் தண்ணியும் காத்தும் போகாம மரம் பட்டுப்போக ஆரம்பிச்சுது. அமெரிக்காவுல எமிலியோ மைனெக்கின்னு ஒரு தாவர நோய் ஆராய்ச்சியாளர்தான் இதைக் கவனிச்சு 1930களோட ஆரம்பத்துல ஒரு வழி சொன்னாரு: ஒருவழிப் பாதையா வளைஞ்சு போற ரோடு, ஒவ்வொரு சைட்டுக்கும் வண்டி நிறுத்த ஒரு சின்ன கிளை, மேசைக்கும் அடுப்புக்கும் நிலையான இடம், அதைத் தாண்டி வண்டி போகாம பாறையோ மரக்கட்டையோ போட்டுத் தடுப்பு. இன்னிக்கு உலகம் பூரா பாக்குற கேம்ப்கிரவுண்ட் அமைப்புக்கு அதுதான் அடிப்படை. மரத்தைக் காப்பாத்தப் பண்ண ஏற்பாடு அது, ஆனா அதனால நமக்கு ஒரு பெரிய வசதி கிடைச்சிருக்கு. ஒவ்வொரு சைட்டும் வருஷக்கணக்கா ஒரே இடத்துல இருக்கு. ஒரு தடவை நடந்து பாத்து எழுதி வச்சா பல வருஷத்துக்கு உதவும், வருஷத்துக்கு ஒருமுறை மரத்தை மட்டும் திரும்பப் பாத்தாப் போதும்.

என்ன எழுதணும்னு கேப்பீங்க. முதல்ல தரை. சரிவா சமமா, சரிவுன்னா எந்தப் பக்கம், ஏன்னா கொஞ்சம் சரிவா இருந்தா தலையை மேட்டுப் பக்கம் வச்சுப் படுத்துக்கலாம், பக்கவாட்டுச் சரிவுன்னா ராத்திரி பூரா ஒருத்தர் மேல ஒருத்தர் உருண்டுக்கிட்டே இருக்கணும். மண்ணா ஜல்லியா புல்லான்னு சொல்லிட்டா எந்த முளை எடுக்கணும்னு நாங்களே பாத்துப்போம். டென்ட் போடுற இடத்தோட நீள அகலத்தை மீட்டர்ல சொல்லுங்க, "நாலு பேர்"ன்னு சொல்றதுல ஒண்ணும் புரியல, நாலு பேர் டென்ட்டுக்குக் கயிறு இழுத்துக் கட்டவும் சேத்து எவ்வளவு இடம் வேணும்னு அதை வச்சிருக்குறவங்களுக்குத் தெரியும். மழை பெஞ்சா தண்ணி தேங்குமா, இந்த ஒரு வரி இருந்திருந்தா அந்த ராத்திரி எங்களுக்கு வந்தே இருக்காது.

அடுத்து குளிரு. இது நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம், நானும் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். மேகம் இல்லாத, காத்து இல்லாத ராத்திரில குளிர்ந்த காத்து கனமாகி சரிவுல இறங்கி பள்ளத்துல போய்த் தேங்கும், தண்ணி மாதிரியே. அதனால ஏரிக்கரையும் ஓடைப் பக்கமும் இருக்குற சைட்தான் விடியக்காலைல ரொம்பக் குளிரும், பனி இறங்கி டென்ட்டு உள்பக்கமும் நனைஞ்சு கிடக்கும். அதே இடத்துல கொஞ்சம் மேட்டுல இருக்குற சைட் காஞ்சு கிடக்கும். போட்டோவுல அழகா தெரியுறது கரையோர சைட், முதல்ல புக் ஆகுறதும் அதுதான், கைக்குழந்தையோட வர்றவங்க அதைத்தான் ஆசையா எடுக்குறாங்க. தண்ணியில இருந்து ஏறக்குறைய 60 மீட்டராவது தள்ளி டென்ட் போடுங்கன்னு இயற்கையைக் கெடுக்காம தங்கிட்டு வரக் கத்துக்குடுக்குற லீவ் நோ ட்ரேஸ்ங்கிற அமைப்புக்காரங்க சொல்லிக்குடுக்குறாங்க, அது கரை அரிக்காம இருக்கவும் தண்ணி குடிக்க வர்ற மிருகங்களுக்கு வழி விடவும். அப்படித் தள்ளிப் போறதால நமக்கும் நல்ல தூக்கம் கிடைக்குது. இதை ரெண்டு வரியில எழுதிப் போட்டா கரையோரத்துக்கு இருக்குற அடிபிடியும் கொஞ்சம் குறையும்.

சத்தத்துக்கும் இதே காத்துதான் காரணம். நகரத்துக்குப் பக்கத்துல இருக்குற இடம்னா ஹைவேயோ ரயில் பாதையோ எங்கயாவது இருக்கத்தான் செய்யும், அதை யாரும் குறை சொல்ல மாட்டோம். ஆனா பகல்ல வந்து பாத்தா அமைதியா இருக்குற இடம் ராத்திரி ஆனதும் லாரி தலைமாட்டுல ஓடுற மாதிரி கேக்கும். தரையோட ஒட்டுன காத்து குளிர்ந்து மேல இருக்குறது வெதுவெதுப்பா இருக்கும்போது சத்தம் மேல போகாம வளைஞ்சு கீழ இறங்கும், அதனாலதான் ரொம்ப தூரத்துக்குக் கேக்குது. எந்த வரிசை சைட் ரோட்டுப் பக்கம், எந்த வரிசை குன்றுக்குப் பின்னாடின்னு மேப்ல குறிச்சாப் போதும். ஜெனரேட்டர் போடுற வண்டிகளுக்குத் தனிப் பகுதியும் டென்ட்டுக்குத் தனிப் பகுதியும் ஒதுக்கி, அமைதி நேரம்னு போர்டுல எழுதியிருக்குறதை ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஆள் நடந்து வந்து ஞாபகப்படுத்துனா ரொம்ப நல்லது. அந்த ஒரு நடை பண்ற வேலையைப் பத்து போர்டு சேந்தாலும் பண்ணாது.

வெளிச்சத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா பசங்களை நான் கூட்டிட்டு வர்றதே நட்சத்திரம் காட்டத்தான். வானம் எவ்வளவு இருட்டுன்னு 1ல இருந்து 9 வரைக்கும் அளக்குற ஒரு அளவை ஜான் பார்டில்னு ஒருத்தர் 2001ல குடுத்தாரு, 1ன்னா சுத்தமான இருட்டு, 9ன்னா நகரத்து நடுவுல இருக்குற வானம். ரெண்டு மணி நேரத் தூரத்துல 1 கிடைக்காதுன்னு எங்களுக்கும் தெரியும். நாங்க கேக்குறது டாய்லெட் வாசல் விளக்கு எந்த சைட்டு மேல அடிக்குது, நகரத்து வெளிச்சம் எந்தத் திசையில தெரியுது, இவ்வளவுதான். விளக்குக்கு மேல ஒரு மூடி போட்டு கீழ மட்டும் அடிக்கிற மாதிரி பண்ணிட்டா அதுவும் தீந்துடும்.

தூரத்துக்கு வர்றேன். தயவு செஞ்சு கிலோமீட்டர் கணக்கை விட்டுட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லுங்க, கடைசி மண்ரோடு எத்தனை கிலோமீட்டர், சின்ன கார் ஏறுமா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க, லேட்டா வர்றவங்க எந்த நம்பருக்குக் கூப்பிடணும், இதெல்லாம். வெளிச்சத்துல டென்ட் போட ஒரு மணி நேரமாவது கையில வேணும், அந்தக் கணக்குலதான் நாங்க இடத்தையே தேர்ந்தெடுக்குறோம். பக்கத்துல இருக்குறதோட அருமை புதுசா எதுவும் இல்லைங்க. பிரிட்டன்ல தாமஸ் ஹைரம் ஹோல்டிங்னு ஒரு தையல்காரர், சைக்கிள்ல டென்ட் கட்டிட்டுப் போறவங்களுக்காக 1901ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாரு, அந்தச் சங்கம் 1906ல தனக்குன்னு முதல் கேம்ப்சைட்டைத் திறந்தது வேபிரிட்ஜ்ல, அது லண்டனை ஒட்டி இருக்குற ஊர். காட்டுக்கு நடுவுல தேடிப் போகல, வாரம் பூரா வேலை பாக்குறவன் போய் வர்ற தூரத்துல போட்டாங்க. முதல்முறை டென்ட்ல படுக்குற குழந்தை, வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வர்றவங்க, ஏதாவது ஆச்சுன்னா ராத்திரியே வீட்டுக்குப் போயிடலாம்ங்கிற தைரியத்துல வர்றவங்க, இவங்க எல்லாரும் தூரத்துக் காட்டுக்குப் போக மாட்டாங்க, உங்ககிட்டதான் வருவாங்க. அந்த முதல் ராத்திரி நல்லா இருந்தாத்தான் ரெண்டாவது ராத்திரி உண்டு. அந்த மழைக்கு அப்புறம் எங்க சின்னவ டென்ட்டுக்குள்ள வர எட்டு மாசம் ஆச்சு.

புக்கிங் விஷயம் உங்களுக்கே தெரியும். மாசக்கணக்குக்கு முன்னாடி திறக்குது, கொஞ்ச நேரத்துல வார இறுதி எல்லாம் தீந்துடுது, அப்புறம் சனிக்கிழமை வந்து பாத்தா பதினேழாம் நம்பர் மாதிரி சைட்டுங்க காலியா கிடக்குது. வராம விட்டவங்களைத் திட்ட நான் வரல, குழந்தைக்குக் காய்ச்சல் வரும், வேலை வந்துடும். ரத்து பண்றதை ஈஸியாக்குங்க, பணத்துல பாதியாவது திரும்பக் குடுங்க, அப்பதான் முன்னாடியே சொல்லுவாங்க. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள்ள வராத, தகவலும் சொல்லாத சைட்டை அடுத்தவங்களுக்குத் திறந்து விடுங்க. அப்புறம் பத்துல ரெண்டு சைட்டாவது முன்பதிவு இல்லாம, முதல்ல வர்றவங்களுக்குன்னு ஒதுக்கி வைங்க. ஷிஃப்ட்டுல வேலை பாக்குறவங்களுக்கு ஆறு மாசம் கழிச்சு எந்த சனிக்கிழமை லீவுன்னு எப்படித் தெரியும்?

விறகைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். பக்கத்துல இருந்து வர்றதால வீட்டுத் தோட்டத்துல வெட்டுன கட்டையையே டிக்கில போட்டுட்டு வர்றாங்க, அதுக்குள்ள வண்டும் புழுவும் சேந்து வரும். அமெரிக்காவுல 2002ல டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிச்ச எமரால்ட் ஆஷ் போரர்ங்கிற பச்சை வண்டு இப்படி விறகோட பயணம் பண்ணியும்தான் பல மாநிலத்துக்குப் பரவி கோடிக்கணக்கான ஆஷ் மரத்தை அழிச்சுது. கேட்லயே அந்த ஊர் விறகை நியாயமான விலைக்கு வித்தீங்கன்னா யாரும் வெளிய இருந்து கொண்டு வர மாட்டாங்க.

கூடவே நாலு தூண் வச்சு ஒரு பொதுக் கூரை போடுங்க. மழை வந்தா சமைக்க இடம் இல்லாம அடுப்பை டென்ட்டுக்குள்ள கொண்டு போறவங்களை நான் கண்ணால பாத்திருக்கேன், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது. இது மட்டும் வசதி சம்பந்தப்பட்டது இல்ல, உயிர் சம்பந்தப்பட்டது.

இதை எல்லாம் செய்ய பெரிய செலவு இருக்குறதா எனக்குத் தோணல. அந்தப் பெரியவர் மாதிரி ஒருத்தரை ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு சைட்டா நடக்க வச்சு, அவர் சொல்ல சொல்ல ஒருத்தர் எழுதிக்கிட்டு, சைட்டு நடுவுல நின்னு நாலு பக்கமும் போன்ல நாலு போட்டோ எடுத்துட்டா வேலை முடிஞ்சுது. அவர் பேரையும் அதுல போடுங்க.

நான் இதுவரைக்கும் தங்குன சைட்டுங்கள்ல பதினொண்ணுக்கு ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், சரிவு, மண்ணு, காலையில வெயில் எத்தனை மணிக்கு டென்ட்டு மேல விழுதுன்னு வரைக்கும் இருக்கு. அடுத்த தடவை வரும்போது உங்க இடத்தோட பக்கங்களைக் காப்பி எடுத்து கேட்ல குடுக்குறேன், தப்பு இருந்தா திருத்திக்குங்க. மழை வராத ஒரு வெள்ளிக்கிழமையா பாத்து சின்னவளையும் கூட்டிட்டு வர்றோம், முடிஞ்சா பதினேழாம் நம்பர் மாதிரி ஒண்ணு.

அன்புடன்,
ரெண்டு பசங்களோட டென்ட் தூக்கிட்டு வர்ற ஒரு அப்பா