அரை நாள் ஜாயிண்டர்

அம்பாசமுத்திரம்
8.2.2026, ஞாயிறு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. டெலிபோன்காரன் ரெண்டு பேர் தபாலில் பேசிக்கொள்கிறார்களே என்று உன் மதினிக்கு ஒரே சிரிப்பு. எனக்குக் காரணம் புரிந்தது. பக்கத்து அறையில் மகனும் மருமகளும் இருக்கும்போது, "எனக்கு ஒரு வேலை பாருடே" என்று போனில் எப்படிச் சொல்வாய்?

2020 ஜனவரி 31 நினைவிருக்கிறதா? நாடு முழுக்க ஒரே நாளில் எழுபத்தெட்டாயிரம் பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் பி.எஸ்.என்.எல்.லை விட்டு வெளியே வந்தோம். சால்வை, லட்டு, குரூப் போட்டோ. எக்ஸ்சேஞ்சில் போட்டோ எடுக்க ஆள் மிச்சமில்லாமல் டீக்கடைப் பையனைக் கூப்பிட்டோம். அப்புறம் ரெண்டு மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு. ஊரே வீட்டில் அடைந்து கிடந்ததால் நாம் ஓய்வுபெற்றது நமக்கே தெரியவில்லை. ஊரடங்கு தளர்ந்து தெருவே வேலைக்குக் கிளம்பிப்போன ஒரு திங்கட்கிழமை காலையில், திண்ணையில் நான் மட்டும் இருந்தேன். எனக்கு அன்றைக்குத்தான் ரிடையர்மென்ட்.

பண விஷயத்தில் உன் நிலைமை வேறு, என் நிலைமை வேறு என்பது எனக்குத் தெரியும். முடித்த வருஷத்துக்கு 35 நாள் சம்பளம், மீதி வருஷத்துக்கு 25 நாள் என்று விருப்ப ஓய்வுத் தொகையான எக்ஸ்கிரேஷியாவைக் கணக்குப் போட்டபோது எல்லாருக்கும் ஒரே கணக்குபோலத்தான் இருந்தது. நான் ஐம்பத்தாறு வயதில் வந்தேன், நீ ஐம்பத்தொன்றில் வந்தாய். ஐம்பத்தைந்து தாண்டியிருந்ததால் வந்த பணத்தில் ஒரு பகுதியை அந்த மார்ச்சிலேயே தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போட முடிந்தது. அப்போது வட்டி 8.6. ஏப்ரலில் 7.4 ஆகிவிட்டது. உனக்கு அந்தக் கதவே திறக்கவில்லை. பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக முன்கூட்டி வாங்கும் கம்யூட்டேஷனும் அறுபது வயது முடிந்தால்தான். எனக்கு வந்துவிட்டது, நீ இன்னும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மகள் கல்யாணம். ஆகவே "பொழுதுபோக்குக்கு ஒரு வேலை" என்று நீ எழுதியிருப்பதை நான் நம்பவில்லை. அந்த வார்த்தையை வேலை கேட்கப் போகிற இடத்தில் சொல்லாதே. பொழுதுபோக்குக்கு வருகிறவனுக்குப் பொழுதுபோக்குக்குத்தான் சம்பளம் கொடுப்பான்.

நான் முதலில் போனது செக்யூரிட்டி வேலைக்கு. "பார்ட் டைம்தான் சார்" என்றார்கள். போய்ப் பார்த்தால் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. முழு நாள் வேலைக்கு அரைச் சம்பளம் கொடுப்பதற்குப் பெயர் பார்ட் டைம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பதினொரு நாளில் கால் வீங்கித் திரும்பினேன். அப்புறம் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மூன்று மாதத்தில் ரெண்டு பாலிசி பிடித்தேன், ரெண்டும் மச்சினன் வீட்டில். என்னைக் கண்டால் டீ வாங்கிக் கொடுத்த ஆட்களெல்லாம் எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தார்கள். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மூவாயிரம் டெபாசிட் கட்டு என்று வாட்ஸப்பில் ஒன்று வந்தது. உனக்கும் வந்திருக்கும். வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால் உடனே அழித்துவிடு.

இப்போது பார்க்கிற வேலை தேடிப்போனது இல்லை. இங்கே கேபிள் டி.வி. நடத்திக்கொண்டிருந்த ஒரு பையன் இப்போது பைபர் இன்டர்நெட் கொடுக்கிறான். அவன் அப்பா நம்மிடம் கான்டிராக்டில் குழி தோண்ட வந்தவர். கடப்பாரையை விட்டு நம் நூறு ஜோடிக் கம்பி கேபிளைக் குத்தி, நீயும் நானும் விடிய விடிய ஜாயிண்ட் போட்டோமே, அவரேதான். பையன் ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "சார், பைபர் ஒட்டுகிற பையன் துபாய் போயிட்டான். ஒரு வாரம் மட்டும் வாங்களேன்." அந்த ஒரு வாரம் மூன்று வருஷமாக ஓடுகிறது.

முதல் நாள் என் கை நடுங்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் பசை அடைத்த ஜெல்லி கேபிளில் விரலை விட்டு, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியவன். செம்புக் கம்பி என்றால் இருட்டிலேயே முறுக்குவேன். இது கண்ணாடி, உறையை உரித்தால் தலைமுடி கனம்தான். ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரில் வெட்டி, மிஷினில் வைத்தால் ரெண்டு முனையையும் திரையில் பெரிதாக்கிக் காட்டும். ஒரு பொறி, ஒட்டிவிடும். ஒட்டு சரியில்லை என்றால் மிஷினே முகத்துக்கு நேரே சொல்லிவிடும், மேலதிகாரி எஸ்.டி.ஓ. வந்து திட்ட வேண்டியதில்லை. வெட்டி விழுந்த துணுக்குதான் மோசம். விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது, சோறு பிசையும்போதுதான் தெரியும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். ட்யூபைப் பிரித்ததும் உள்ளே பார்க்கிறேன்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், ஸ்லேட். நம் செம்புக் கம்பிக் கலர் வரிசைடே! டிரெயினிங்கில் ராத்திரி படுக்கையில் ஒப்பித்தோமே, அதே வரிசை. அப்புறம் வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், வயலட். அதுவும் நம்முடையதுதான். கடைசியில் ரோஸும் அக்வாவும் மட்டும் புதுசு. பையன் செல்போனில் சார்ட்டைத் திறந்து என் பக்கம் நீட்டினான். "எடுத்து உள்ளே வை தம்பி" என்றேன். அன்றைக்குத்தான் அவன் என்னை வயசானவன் என்று பார்ப்பதை விட்டான் என்று நினைக்கிறேன்.

வாரத்தில் மூன்று நாள், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. அரை நாளுக்கு ஐநூறு ரூபாய். இதை வாங்குவதற்குள் பட்ட பாடு தனிக்கதை. முதல் ஆறு மாதம் பேச்சு எதுவும் வைத்துக்கொள்ளாமல் போனேன். பழக்கம்தானே. மோடத்தில் சிவப்பு லைட் எரிந்தால் ராத்திரி பத்து மணிக்கும் போன். அணில் கடித்தாலும் நான், ஜே.சி.பி. இழுத்தாலும் நான். ஒருநாள் மழையில் போஸ்ட்டில் பாதி ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் நின்றேன். கீழே உன் மதினி. எப்படித் தெரிந்ததோ, சைக்கிள்காரன் யாரோ சொல்லியிருக்கிறான். வாயைத் திறக்கவில்லை அவள். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் பையனிடம் மூன்றே விஷயம் சொன்னேன்: போஸ்ட் ஏற மாட்டேன், ஒரு மணிக்கு மேல் இருக்க மாட்டேன், ராத்திரி கூப்பிட்டால் தனிக் கூலி. முகம் சுருங்கியது. ரெண்டு நாள் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டான். ராத்திரி போன் மட்டும் அடியோடு நின்றுவிட்டது. காசு என்றதும் அணில்கூட விடியும்வரை பொறுத்துக்கொள்கிறது.

சம்பளக் கவரை அவன் கையிலிருந்து வாங்கும்போது முதலில் கூச்சமாக இருந்தது, மறைக்க மாட்டேன். அவன் அப்பாவிடம் நான் மஸ்டர் ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில், கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இப்போது அவன் நோட்டில் நான் கையெழுத்துப் போடுகிறேன். அவன் "சார்" என்பதை விடவில்லை, நானும் "தம்பி"யை விடவில்லை. இதில் யார் யாருக்கு முதலாளி என்பதை இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பென்ஷன் குறையுமோ, வரி வருமோ என்ற உன் பயம் ரெண்டுக்கும் பதில். தனியாரிடம் அரை நாள் வேலை பார்த்தால் பென்ஷன் குறையாது. வேறு பொதுத்துறை நிறுவனத்தில் சேர்ந்தால்தான் எக்ஸ்கிரேஷியாவைத் திருப்பிக் கொடு என்பார்கள், அந்தப் பக்கம் போகாதே. வரிக்கும் பயப்படாதே. புது முறையில் இந்த வருஷம் பன்னிரண்டு லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது. அதற்கு முன்னால் பென்ஷனிலேயே எழுபத்தைந்தாயிரம் கழிவு. கணக்கில் காட்டிவிட்டு நிம்மதியாக இரு.

கோயம்புத்தூரில் உனக்கு என்ன வேலை என்று யோசித்தேன். நீ என்னைப் போல வெளியே அலைந்தவன் இல்லை, எக்ஸ்சேஞ்சில் பாட்டரியும் ஜெனரேட்டரும் பார்த்த பவர் பிளான்ட் ஆள். மகன் வீடு இருக்கிற அபார்ட்மென்ட்டில் ஜெனரேட்டர் இருக்கும், லிப்ட்டுக்கு பாட்டரி இருக்கும். அதைப் பார்க்கிறவன் வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து பில் மட்டும் போட்டுவிட்டுப் போவான். இருபத்துநாலு பாட்டரி செல்லுக்கும் தினம் ஆசிட் அடர்த்தியை, அதுதான் கிராவிட்டியை, எடுத்து நோட்டில் எழுதிய ஆள் நீ. கரண்ட் போன ராத்திரி இன்ஜினை ஒரே தட்டில் கிளப்புவாய். இப்போது பாட்டரியெல்லாம் மூடிபோட்டு சீல் வைத்து வருகிறது, நிஜம்தான். வோல்ட் பார்ப்பதும், டெர்மினலில் உப்புப் பூத்திருப்பதைக் கண்டுபிடிப்பதும் மாறவில்லையே. முதலில் உங்கள் அசோசியேஷன் செகரட்டரியிடம், மாதம் நாலு நாள் வந்து பார்க்கிறேன் என்று சொல். ஒரு அபார்ட்மென்ட் சரியாக நடந்தால் பக்கத்து அபார்ட்மென்ட்காரனே கேட்டு வருவான். பயோடேட்டா எதுவும் டைப் அடிக்காதே. ஆனால் நேரத்தையும் கூலியையும் முதல் நாளே பேசிவிடு. என்னைப் போல ஆறு மாதம் வாய் மூடி இருக்காதே. மகனிடமும் சொல்லிவிடு. அவன் சங்கடப்படுவான்தான். ஆனால் கரண்ட் போன ராத்திரி அவன் வீட்டு லிப்ட்டும் நின்றால் தானே சரியாகிவிடுவான்.

வேண்டாததென்று டெட் ஸ்டாக்கில் தள்ளிய, கிராவிட்டி பார்க்கிற ஹைட்ரோமீட்டர் ஒன்றை நீ வீட்டுக்குக் கொண்டுபோனது எனக்குத் தெரியும். அது இப்போது ஒன்றுக்கும் உதவாது. இருந்தாலும் செகரட்டரியைப் பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போ.

அன்புடன்,
சுப்பு