மோட்டாருக்கும் முறை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சூரிய மின்சாரம், பேட்டரி சேமிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கமுதி சோலார் நிலையமும் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும் அதில் வந்தன. மின்பாதையின் கடைசிக் கம்பத்தில் மோட்டார் வைத்திருக்கும் எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே. மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்குக் காத்திராமல், வைகாசியிலேயே போர்வெல் தண்ணீரில் குறுவை நாற்று விடுவோம். பாதி மோட்டார்களில் ஆட்டோ ஸ்டார்ட்டர் உண்டு. ராத்திரியோ பகலோ, மும்முனை மின்சாரம் வந்த நொடியில் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்டை கிளம்பும்போது இழுக்கும். டிரான்ஸ்பார்மர் உறுமும், வோல்டேஜ் படுத்துவிடும், கடைசி மோட்டார் சுற்ற முடியாமல் முனகும். போன வருஷம் அப்படித்தான் என் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகி, ரீவைண்டிங் கடையில் நாலு நாள் கிடந்தது. அதற்குள் நாற்றங்கால் வெடித்துவிட்டது. பக்கத்து வயல் சித்தப்பாவிடம், "ஆட்டோவைக் கழற்றிடுங்களேன்" என்றேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு வரப்புல விரியனை மிதிக்க நீ வர்றியா?" என்றார். அவர் கேட்பதும் சரிதான்.

தேவை பார்த்து மின்சாரத்தைத் தானே பிரித்துக் கொடுக்கும் மின்பாதைக்கு ஸ்மார்ட் கிரிட் என்று பெரிய பேர் சொல்கிறார்கள். எங்களுக்கு அது ஒரு டைமரில் தொடங்கினால் போதும். ஒரு டிரான்ஸ்பார்மரில் உள்ள மோட்டார்களைச் சில நொடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளப்ப வேண்டும். ஆற்றுத் தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த ஊருக்கு இது புதிதல்ல.

அப்புறம், அந்த முறை சூரிய மின்சாரம் கிடைக்கும் பகலில் வரட்டும். நெல்லுக்கு எப்போது பாய்ந்தாலும் ஒன்றுதான். மத்தியானம் நிறுத்திய இரண்டு அங்குலத் தண்ணீர் ராத்திரியும் வயலில் நிற்கும். காசு கொடுக்காமல் கிடைக்கிற சேமிப்பு அது. வெயில் சாய்ந்தபின் வீடுகள் விளக்கும் மின்விசிறியும் போடுகிற நேரத்துக்குத்தான் பேட்டரி வேண்டும். அதைத் துணைமின் நிலையத்திலேயே வைத்தால், மத்தியானம் மிஞ்சியது தூரம் போய்த் திரும்ப வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடுமே என்பார்கள். மூடட்டும், அப்போது வானமே பாய்ச்சும்.

விவசாயிகளுக்காக 2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த பிஎம்-குசும் என்ற சூரிய மின்சாரத் திட்டத்தில், விவசாய மின்பாதை முழுவதையும் சூரிய மின்சாரத்துக்கு மாற்ற பிறகு வழி வைத்தார்கள். ஆளுக்கொரு சோலார் பம்பு கொடுப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது. வெயில் உள்ளவரை சும்மா ஓடுகிற பம்பு நிலத்தடி நீரை உறிஞ்சிவிடும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புநீர் உள்ளே வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டுமாம். நஞ்சையைத் தொடாதீர்கள். நெல் கிடங்குகளும் அரிசி ஆலைகளும் கூரையை விரித்துக்கொண்டு சும்மா கிடக்கின்றன.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். 2018 நவம்பரில் கஜா அடித்துக் கம்பங்கள் சாய்ந்தபோது, குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்ப வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து ஜெனரேட்டர் பிடித்தோம். டீசல் தீர்ந்த அன்று குடத்தோடு குளத்துக்குப் போனோம். எந்தத் திட்டம் வந்தாலும், முதல் பேட்டரியை அந்தத் தொட்டி மோட்டாருக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நீடாமங்கலம் வட்டம்